வேட்டிக் கரையும் ஓட்டுச்சீட்டும்

எடிசன், நியூ ஜெர்சி
2025 ஜூலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அன்றைக்கு போனில் நீ போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள். ஜூன் 24, கொளுத்துகிற வெயில், ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு நியூயார்க் குவீன்ஸில் உன் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போயிருக்கிறாய். பெயர் இருக்கிறது, முகவரி சரி, கட்சி என்ற இடம்தான் காலி. அதனால் மேயர் பிரைமரியில், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற முதல் சுற்றுத் தேர்தலில், உனக்கு ஓட்டு இல்லை. "நான் இந்த ஊர்க்காரி இல்லையாப்பா?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவுப் படிவத்தில் 'எந்தக் கட்சியும் வேண்டாம்' என்ற கட்டத்தில் நீ டிக் போட்டது யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியும். உன் தாத்தா அரசுப் பள்ளி வாத்தியார். எங்கள் ஊரில் ஒருவர் எந்தக் கட்சி என்று வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை, வேட்டிக் கரையைக் குனிந்து பார்த்தால் போதும். கறுப்பும் சிவப்பும் மட்டுமா, நடுவில் வெள்ளையும் ஓடுகிறதா என்பதில் பாதி ஊர் பிரிந்துவிடும். தாத்தா கடைசிவரை மெல்லிய பச்சைக் கரை. யாருக்குப் போட்டார் என்று ஆச்சிக்கே தெரியாது.

அந்தப் பழக்கத்தோடுதான் நானும் இங்கே முதல் பிரைமரிக்குப் போனேன். பள்ளிக்கூட ஜிம், மடக்கு மேஜை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்ட ஒரு பாட்டியம்மா. "எந்தக் கட்சி?" என்று ஜிம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குப் பின்னால் நம் பக்கத்து வீட்டுக்காரர். காதோரம் சொல்வது போல் குனிந்து சொன்னேன். அவள் அதையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்! நியூ ஜெர்சியில் கட்சி எழுதாதவர்கள் அன்றைக்கே அந்த மேஜையிலேயே சொல்லிவிட்டு ஓட்டுப் போடலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான், நாமாக மாற்றும்வரை அந்தக் கட்சிக் கணக்கிலேயே இருப்போம். நான் எந்தக் கட்சி என்று அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. தபால் பெட்டியில் வந்து விழுந்த பிரசார அட்டைகளைப் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள். வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயரும் இருக்கிறது, பிரசாரக்காரர்கள் அதை வாங்கிவிடுகிறார்கள்.

ஆக, உன் கோபத்தில் பாதி என் கோபமும்தான். மற்ற பாதியில் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரில் வேட்பாளர் எப்படி வருகிறார்? பணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார்கள், கட்சித் தலைமையகத்தில் நேர்காணல் நடக்கும், ஒரு நாள் பட்டியல் வெளியாகும். அதுவரை தெருவில் இருக்கிற நமக்கு டீக்கடை யூகம் மட்டும்தான். இங்கே அந்த நேர்காணலையே ஜனங்களிடம் விட்டிருக்கிறார்கள். ஒரு கட்சிக்கு யார் வேட்பாளர் என்று நீ தீர்மானிக்கப் போகும்போது, 'நீ இந்தக் கட்சிப் பக்கமா?' என்று கேட்பது அவமானம் இல்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் புகுந்து சோப்ளாங்கி வேட்பாளரை ஜெயிக்கவைத்துவிடுவார்கள், அதனால்தான் கதவைச் சாத்துகிறோம் என்கிறார்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கே முகூர்த்தம் தாண்டி வருகிறவர்கள், அடுத்த வீட்டுக் கல்யாணத்தைக் கெடுக்கவா வரிசையில் நிற்கப்போகிறார்கள்?

என்னை நெருடுவது வேறு. டெக்ஸஸில் டெமாக்ரடிக் கட்சி ஒரு காலத்தில், 'நாங்கள் தனிச் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம்' என்று சொல்லியே கறுப்பின மக்களை பிரைமரிக்குள் விடாமல் வைத்திருந்தது. அங்கே அந்த பிரைமரியில் ஜெயித்தாலே பதவி கிடைத்த மாதிரி. நவம்பர் பொதுத் தேர்தலில் போய்ப் போடுகிற ஓட்டுக்கு என்ன மதிப்பு? 1944ல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அதே நீதிமன்றம் 2000ல், கலிஃபோர்னியாவில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் வேட்பாளரையும் தேர்ந்தெடுக்கலாம் என்றிருந்த முறையை, கட்சிகளின் உரிமையில் கைவைப்பதாகச் சொல்லி ரத்து செய்தது. எனக்கு இரண்டு தீர்ப்பும் சரியென்றே படுகிறது. சங்கம் என்றால் அதற்கு ஒரு வாசல் இருக்கலாம். ஆனால் வாசலில் பூட்டு எங்கே, எப்போது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் பூட்டு விழுவது பிப்ரவரி 14, கட்சியை எழுதிக்கொடுக்க அதுதான் கடைசி நாள். காதலர் தினத்தன்றே ஜோடியைச் சொல்லிவிட வேண்டும், கல்யாணம் ஜூனில்! முன்பு இதைவிட மோசம், முந்தின வருஷம் அக்டோபரிலேயே முடிந்துவிடும். 2016ல் டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே பிரைமரியில் ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள். இந்தத் தடவை டெமாக்ரடிக் பிரைமரியில் மோதிய மம்தானியா குவோமோவா என்று ஊரே பேச ஆரம்பித்தபோது கதவு சாத்திக் கிடந்தது. வாடகையை நினைத்து நீ ராத்தூக்கம் கெட்டதெல்லாம் அதற்கப்புறம்தானே. இந்தத் தேர்தலை நடத்துவது அரசு, செலவு உன் வரிப்பணம், டெமாக்ரட்கள் இவ்வளவு கனமாக இருக்கிற ஊரில் ஜூனில் நடப்பதுதான் பாதித் தேர்தல். நாலு மாதம் முன்கூட்டியே கேட்பது அநியாயம். அன்றைக்கு மேஜையில் கேட்கட்டும். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சொல்லாதவர்கள் ஒரு கட்சியின் ஓட்டுச்சீட்டை வாங்கி ஓட்டுப் போட்டுவிட்டு, வெளியே வரும்போதே கையெழுத்துப் போட்டுப் பழையபடி 'கட்சி சொல்லாதவர்' ஆகிவிடலாம். தாத்தா இருந்திருந்தால் அந்த ஊரில்தான் குடியேறியிருப்பார்.

சட்டம் மாறும்வரை காத்திராதே. கட்சியை எழுதிப் படிவத்தை இப்போதே அனுப்பிவிடு, இந்த பிரைமரிதான் முடிந்துவிட்டதே, உடனே பதிவாகிவிடும். எந்தக் கட்சி என்று என்னிடம் சொல்ல வேண்டாம். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடு, அப்போது ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சனிக்கிழமை வருகிறாய்தானே? பெட்ரோல் போட்டு வைக்கிறேன், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். உன் பேருக்கு இன்னும் இந்த வீட்டு முகவரிக்குத் தபால் வருகிறது. அடுத்த வருஷம் என்னென்ன அட்டை வருகிறது என்று அம்மா பார்த்துக்கொண்டேதான் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா