முதல் மிதியில் பிடிக்காத பிரேக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பட்டறையில் பிரேக்குக்கு ஏர் எடுத்து, அதாவது ஆயில் லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றிக் கொடுத்தார்கள், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு வந்ததும் பழையபடி பெடல் உள்ளே போகிறது என்றாய். இரண்டாவது தடவை மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது என்றும் சொன்னாய். நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கு முன் ஒன்று. இதைக் கண்டுபிடிக்கும் வரை அந்த சைட்-பை-சைடை (பக்கத்துப் பக்கத்தில் சீட் உள்ள அந்தக் காட்டுப்பாதை வண்டியை) எந்தச் சரிவிலும் இறக்காதே, பக்கத்து சீட்டில் யாரையும் ஏற்றாதே. மெதுவாகத்தானே ஓட்டுகிறேன் என்பாய். வேண்டாம்.

'பிரேக் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் யாராக இருந்தாலும் ஏர் எடுக்கத்தான் கிளம்புவார்கள். லைனில் காற்று இருந்தால் பெடல் எப்போதுமே மெத்தென்று இருக்கும். வண்டி நின்றாலும் ஓடினாலும் அப்படித்தான். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் லீக் இல்லை என்றால், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் போய்விட்டது. நீண்ட இறக்கத்தில் மட்டும் பிரேக் காணாமல் போய், ஆறினதும் திரும்பி வந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. உன் வண்டியில் இந்த மூன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கரடுமுரடான பாதைக்குப் பிறகு முதல் மிதி ஆழமாகப் போய் அடுத்த மிதி சரியாக நின்றால், என் சந்தேகம் வீல் பேரிங் மேல்தான், சக்கரம் ஆடாமல் சுற்றத் தாங்கிப் பிடிப்பது அதுதான். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் பக்கவாட்டில் ஆடி, அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடையும், பேடைத் தள்ளும் பிஸ்டனையும், இவற்றைத் தாங்கும் காலிப்பருக்குள் தள்ளிவிடும். வழக்கமாகப் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். அது கூடிவிட்டால், முதல் மிதியில் போகும் ஆயில் முழுக்க அந்த இடைவெளியை அடைக்கவே செலவாகிவிடும். வளைந்த டிஸ்கும் இதே வேலையைச் செய்யும். இந்த நிலையில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும், பெடலை மிதித்து மிதித்துப் பேட் வெளியே வருவதால் கொஞ்ச நேரத்துக்குச் சரியான மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

இதைப் பார்ப்பது எளிது. சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதே. டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து வண்டிப் பக்கம் தள்ளியும் வெளியே இழுத்தும் அசைத்துப் பார். டக் டக் என்று ஆடினால், ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசை. ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங். அப்போதும் ஆடினால் சஸ்பென்ஷன் மூட்டுகளான பால் ஜாயிண்டையோ புஷ்ஷையோ பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றி டிஸ்க் நேராக ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடு.

அப்படியே சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரையும் பார். சேற்றில் ஓடும் வண்டியில் காலிப்பர் நகரும் பின்கள் இறுகிப் போவது ரொம்ப சகஜம். ஒரு பேட் நன்றாகத் தேய்ந்து, எதிர்ப்பக்கத்துப் பேட் புதிதாகவே இருந்தால் பின்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிச் சுத்தம் பண்ணி, பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸ் போடு. சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். ஆயிலோ கிரீஸோ ஊறிய பேடைத் துடைத்துப் போடலாம் என்று நினைக்காதே, மாற்றிவிடு. பிரேக் ஆயில் போகும் ஹோஸ் எங்காவது சஸ்பென்ஷன் ஆர்மில் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்.

பேரிங்கைச் சரி பண்ணின பிறகு ஆயிலை மாற்றி ஏர் எடுக்கலாம். அந்த வரிசை மாறினால் காசுதான் வீண். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 4 என்று ஆயிலின் வகை போட்டிருந்தால் அதையே ஊற்று. டாட் 5 சிலிக்கான் வகை, அதை மற்றதோடு கலக்கவே கூடாது, 5.1 வேறு, பெயரைப் பார்த்துக் குழம்பிவிடாதே. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு வந்துவிடும். அதனால் ஏற்கெனவே திறந்து வைத்த பழைய ஆயில் வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

பட்டறைக்காரர்கள் காலிப்பரைக் கழற்றியிருந்தால் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பார். இடது, வலது மாற்றி மாட்டினால் அது கீழே போய்விடும், மேலே தேங்கிய காற்று வரவே வராது. இது எங்கும் நடக்கிற கூத்துதான்.

எல்லாம் முடிந்ததும் காலியான சமதரையில், நடக்கிற வேகத்தில் பலமுறை பிரேக் போட்டுப் பார். பிறகு மேடு பள்ளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, முதல் மிதி எவ்வளவு ஆழம் போகிறது என்று கவனி. டிஸ்கில் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும். அதையும் இரண்டு பேடையும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பார்ட்ஸ் வாங்குவதற்கு முன்னால் அனுப்பு, வாங்கின பிறகு இல்லை.

அன்புடன்,
அப்பா