வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு பபிள் டீக்கடைத் தம்பிக்கு

தம்பிக்கு,

பெயரைப் போடவில்லை, படித்தால் உனக்கே தெரிந்துவிடும். முட்டை மாவில் சுட்டு, குட்டிக் குட்டி உருண்டைகளாக உப்பி நிற்கிற பபிள் வாஃபிளைக் கடையில் போடலாமா அண்ணா என்று கேட்டாய், கடையில் நின்ற கூட்டத்தில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

தாராளமாகப் போடு. ஆனால் போனில் ஒரு படம் காட்டினாயே, கோன் மாதிரி சுருட்டி உள்ளே ஐஸ்கிரீம், மேலே சாக்லேட் சாஸ், அதற்கும் மேலே ரெண்டு பிஸ்கட்டைக் குத்தி வைத்து, அது வேண்டாம். வெறும் வாஃபிள், சூடாக, காகிதப் பையில். அவ்வளவுதான்.

ஹாங்காங்கில் 1950களில் தெருவோரக்காரர்கள் கரி அடுப்பில் சுட்டு விற்ற பண்டம் அது. அங்கே இன்றைக்கும் பையிலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே நடக்கிறார்கள், ஐஸ்கிரீம் ஜோடனையெல்லாம் பிறகு வந்தது. ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டுக்கும் அந்த நடைத் தீனிதான் லாயக்கு. உன் வாடிக்கைக்காரர்களைக் கொஞ்சம் பார், முழங்கை வரைக்கும் ஜவுளிப் பை, ஒரு கையில் குழந்தை, மிச்சக் கையில் உன் டீ. ஸ்பூன் பிடிக்கக் கை ஏது?

அப்புறம் காற்று. காசிமேட்டுக் கடல் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்றில் பொரித்த அப்பளமே சீக்கிரம் நமுத்துவிடுகிறது, சூட்டு வாஃபிளுக்குள் ஐஸ்கிரீமை வைத்தால் என்ன மிஞ்சும்? முதல் நாலைந்து கடிக்குத்தான் மொறுமொறுப்பு, அதற்குப் பிறகு ஈரத்துணி.

இப்போது மெஷின். பார்க்கப் பணியாரக்கல் போலத்தான் இருக்கும், ஆனால் மேலும் கீழும் ரெண்டு தட்டு. மாவை ஊற்றி மூடின கையோடு திருப்பிவிட வேண்டும், அப்போதுதான் மாவு மேல் குழிகளுக்கும் இறங்கி முழு உருண்டையாகும், உள்ளே பொந்து விழும். யோசித்துக்கொண்டே திருப்பினால் ஒரு பக்கம் தட்டையாக நின்றுவிடும். மூன்று நிமிடம் போல ஆகும். எடுக்கும்போது தொளதொளவென்று தொங்கும், வேகவில்லை என்று நினைத்து உன் கடைப் பையன் மறுபடி உள்ளே வைத்துக் கருக்கிவிடுவான், விடாதே. இடுக்கியால் தூக்கி டேபிள் ஃபேன் முன்னால் பிடிக்கச் சொல். ஆவி போகப் போக அங்கேயே விறைத்துக்கொள்ளும். இந்த ஃபேன் வேலையை விட்டுவிட்டு மூடின டப்பாவில் போட்டால், என்ன மாவு போட்டாலும் வீண்.

மாவுக்கு ப்ரீமிக்ஸ் பாக்கெட் வாங்காதே. மைதா, முட்டை, சர்க்கரை, பால், பேக்கிங் பவுடர், கொஞ்சம் கஸ்டர்ட் பவுடர், அதோடு மரவள்ளி மாவு. நீ டீயில் போடுகிற கறுப்பு முத்தும் அதே மரவள்ளிதான், வேகவைத்தால் பல்லில் இழுக்கிறது, சுட்டால் வாஃபிளின் மேலோட்டில் மொறுமொறுக்கிறது. கரைத்த மாவை ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வை.

முட்டை விஷயத்தில் நீ தடுமாறுவாய், தெரியும். முட்டை தொடாத சைவக்காரர்கள் நிறைந்த சௌகார்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது, 'எக்லெஸ்ஸா?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். முட்டை இல்லாமலும் செய்யலாம், ஆனால் அந்த வாசனையும் நிறமும் வராது. என்னைக் கேட்டால் முட்டையோடு செய், போர்டில் பெரிதாக எழுதிவிடு. அதே தட்டில் ஒரு தரம் முட்டை மாவு, மறுதரம் முட்டையில்லாத மாவு என்று மட்டும் செய்யாதே, நம்பி வாங்குகிறவர்களுக்கு அது துரோகம். ரெண்டாவது மெஷின் வாங்குகிற வரைக்கும் எக்லெஸ் இல்லை என்று சொல்லிவிடு, டீ குடித்துவிட்டுப் போகட்டும்.

கரண்ட் விஷயம் ஒன்று. இந்த மெஷின் மட்டுமே ஒன்றரை கிலோவாட் வரைக்கும் இழுக்கும். ஏற்கெனவே ஃப்ரீசர், கப்பை மூடி ஒட்டுகிற சீலிங் மெஷின், முத்து வேகவைக்கிற அடுப்பு எல்லாம் ஒரே லைனில் ஓட்டுகிறாய். தனியாக 16 ஆம்ப் ப்ளக் இழுக்காமல் மல்டிபிளக்கில் சொருகாதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லோடு தாங்குமா என்று கேட்டுக்கொள்.

ஆளும் வேண்டும். டீ குலுக்குகிற பையனே இதையும் பார்த்தால் ரெண்டும் கெடும். சாயங்காலம் ஒரு மெஷினில் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து சுட்டாலே பெரிய விஷயம், அதனால் டோக்கன் கொடுத்து நேரத்தைச் சொல்லிவிடு, பக்கத்துக் கடையில் புடவை பார்த்துவிட்டு வரட்டும்.

ஆரம்பிக்கிறதை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளாதே. கூட்டமில்லாத செவ்வாய், புதன் மத்தியானமாகப் பார்த்து ஆரம்பி, ஆடித் தள்ளுபடிக்கு ஜனம் வந்து குவிவதற்குள் பையனுக்குக் கை பழகிவிடும்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை அண்ணன்