பாஸ் கிட்டாரிலிருந்து டபுள் பாஸுக்கு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் செல்லோ கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அவளால் உனக்கும் ஒரு உபகாரம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உங்கள் டிரியோவில் பியானோ வாசிப்பவர் பாஸ் கிட்டாரை விட்டு, செல்லோவின் அண்ணன்போல ஆளுயரம் நிற்கும் டபுள் பாஸைக் கொண்டுவரச் சொல்கிறார் என்றும், இந்த வயதில் அது நடக்குமா, கையிலிருக்கும் கச்சேரிகள் போய்விடுமா என்றும் கேட்டிருக்கிறாய். நடக்கும். கச்சேரியும் போகாது. ஆனால் என்னென்ன மாறும் என்று தெரிந்துகொண்டு இறங்கு. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பிகள் அதே நான்கு: ஈ, ஏ, டி, ஜி. ஸ்தாயியும் அதே. அடி ஈ இரண்டிலும் 41 ஹெர்ட்ஸ்தான். ஆகவே இத்தனை காலம் மேடையில் நீ சேர்த்துவைத்த அறிவு ஒன்றும் வீண்போகாது. எந்தக் கோர்டில் எந்த ஸ்வரம் தாங்கும், பாட்டு எங்கே திரும்பும், பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் அப்படியே கூட வரும். கைதான் புதிதாகக் கற்க வேண்டும்.

1951-இல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பாஸ் என்ற எலெக்ட்ரிக் பாஸ் கிட்டார் வந்தபோது டபுள் பாஸ்காரர்களின் மூன்று கஷ்டங்களை அது தீர்த்துவைத்தது. சுருதியை, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட் பார்த்துக்கொண்டது. சத்தத்தை ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், பார்த்துக்கொண்டது. வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க முடிந்தது. நாம் போகிற வழி அதற்கு நேர் எதிர். அந்த மூன்றையும் மறுபடி நாமே சுமக்க முன்வருகிறோம். மூன்றில் பெரியது சுருதி.

உன் பாஸ் கிட்டாரில் கம்பியை மேலே தாங்கும் நட்டிலிருந்து கீழே தாங்கும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம். டபுள் பாஸில் 41, 42 அங்குலம். அதுவும் முக்கால் சைஸ் வாத்தியத்தில். முக்கால் என்றதும் சிறுவர்களுக்கானது என்று நினைத்துவிடாதே, பெரியவர்கள் கச்சேரிகளில் வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். முதல் அரை ஸ்வரத்துக்கே கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் இடைவெளி. விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நாலு விரலை விரித்து வாசிப்பாயே, அது இங்கே செல்லாது. கீழ்ப் பொசிஷன்களில் ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரே ஒரு முழு ஸ்வரம், நடுவிரல் அதன் பாதியில். மோதிர விரல் தனியாக எதையும் வாசிக்காது, சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே அழுத்தும். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டில் ஒழுங்குபடுத்திய இந்த 1-2-4 விரல்முறையைத்தான் இன்றும் பல ஆசிரியர்கள் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிட்டாரில் கையை நகர்த்தாமல் வாசித்த ஒரு சாதாரண ஸ்கேலுக்கு இங்கே கை இடம் மாறியே தீர வேண்டும். இடம் மாறுவதுதான் இந்த வாத்தியத்தின் பாதி வித்தை.

கச்சேரியில் இது எங்கே இடிக்கும் தெரியுமா? பாடுகிறவர் மேடையில் வைத்தே, "இன்று குரல் நன்றாக இருக்கிறது, அரை ஸ்வரம் ஏற்றிக்கொள்ளலாம்" என்பார். சி-யை ஆதாரமாகக் கொண்ட கீயிலிருந்து டி ஃபிளாட் கீக்கு. கிட்டாரில் கையை ஒரு ஃப்ரெட் தள்ளினால் முடிந்தது. டபுள் பாஸில் சி மேஜர் வாசிக்கும்போது நான்கு திறந்த கம்பிகளும் உனக்கு உதவும், ஒவ்வொன்றும் கைக்கு ஓய்வு, சுருதிக்குச் சாட்சி. டி ஃபிளாட் மேஜரில் அந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. பாட்டு அதே பாட்டு, கைக்கு முற்றிலும் வேறு வேலை. ஆகவே உங்கள் பியானோக்காரரோடும் பாடுகிறவரோடும் உட்கார்ந்து எந்தப் பாட்டு எந்தக் கீ என்று முன்கூட்டியே பேசிவிடு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாத்தியத்தின் இயல்பைச் சொல்கிறாய், அவ்வளவுதான்.

ஃப்ரெட் இல்லாமல் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். கண்ணால் முடியாது. நீ நிற்கிற நிலையில், விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு உன் முகத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும், பார்க்கப் போனால் கழுத்துதான் வலிக்கும். கையும் காதும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். கைக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. வாத்தியத்தின் கழுத்து உடலோடு சேரும் வளைவில் உன் கட்டைவிரல் போய் முட்டும்போது, ஆள்காட்டி விரல் ஜி கம்பியில் டி-யில் இருக்கும். சில வாத்தியங்களில் ஈ ஃபிளாட்டாக இருக்கும், வாங்கும்போதே பார்த்துவைத்துக்கொள். அங்கிருந்து மேலும் கீழும் கணக்கு வைக்கலாம். போகப்போக, மின்சாரம் போன இரவில் சொந்த வீட்டுப் படியில் இறங்குவதுபோல் கைக்குத் தானாகவே தூரம் தெரிந்துவிடும்.

காதுக்கு அடையாளம் வாத்தியத்துக்குள்ளேயே இருக்கிறது. டி கம்பியில் ஜி-யை அழுத்தி மீட்டு. இடம் சரியாக இருந்தால் பக்கத்து ஜி கம்பியை யாரும் தொடாமலேயே அது அதிரும். குனிந்து பார்த்தால் கம்பி மங்கலாகப் பட்டையாகத் தெரியும். விரலை ஒரு இம்மி நகர்த்தினால் அந்த அதிர்வு அடங்கிவிடும், மொத்த வாத்தியத்தின் ஒலியும் சுருங்கிவிடும். மறுபடி சரியான இடத்துக்கு வந்தால் மரம் முழுக்கத் திறந்துகொள்ளும். ஈ கம்பியில் ஏ, ஏ கம்பியில் டி, இரண்டுக்கும் இதே கதைதான். இதை நான் இன்றும் தினம் செய்கிறேன். இதற்கு அலுப்பே வராது.

உன் மகளின் உபகாரம் இங்கேதான். அவளை டி கம்பியை வில்லால் மெதுவாக, நீளமாக இழுக்கச் சொல். அந்த ஒரே ஒலியின் மேல் நீ டி ஸ்கேலை நிதானமாக ஏறி இறங்கு. ஒவ்வொரு ஸ்வரமும் அதோடு உரசுகிறதா, ஒட்டுகிறதா என்று கேள். நீயும் ஒரு வில் வாங்கிக்கொள். கச்சேரியில் ஒருமுறைகூட வில் எடுக்கப்போவதில்லை என்றாலும் வாங்கு. விரலால் மீட்டினால் ஸ்வரம் எழும்பிச் சீக்கிரம் மறைந்துவிடும், சுருதி விலகியிருந்தால் காது கவனிப்பதற்குள் போய்விடும். வில் போட்டால் விலகல் அங்கேயே நின்று உன் முகத்தைப் பார்க்கும்.

அடுத்தது வலி. இதில் நான் கண்டிப்பாகப் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதே. கம்பிகள் தடிமன், இழுவிசையும் கிட்டாரைவிட அதிகம். ஃபிங்கர்போர்டின் முனையில் அளந்தால் ஜி கம்பி 5, 6 மில்லிமீட்டர் உயரத்திலும், ஈ கம்பி 8, 9 மில்லிமீட்டர் உயரத்திலும் நிற்கும். கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவே கழுத்தை நசுக்கிப் பிடித்து வாசித்தால் சில பாட்டிலேயே கை மரத்துப்போகும், அப்படியே தொடர்ந்தால் தசைநார் கெட்டுவிடும். முழங்கையைத் தொங்கவிடாமல் வைத்து, முழுக் கையின் எடையும் கம்பியில் இறங்கும்படி பின்னோக்கி இழு. சரியாகச் செய்கிறாயா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு வாசி. அப்போதும் ஸ்வரம் தெளிவாக வந்தால் எடை வேலை செய்கிறது. வாத்தியத்தைத் தாங்குவதும் இடது கையின் வேலை இல்லை. அடியில் தரையில் ஊன்றும் எண்ட்பின்னைச் சரியான உயரத்துக்கு வைத்து, பின்பக்க மேல்விளிம்பு உன் இடுப்பின் இடதுபக்கம் சாயும்படி நில். கையை எடுத்தாலும் வாத்தியம் உன்மேல் நிற்க வேண்டும். வலி வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்து. இந்த அடிப்படைக்காகவாவது ஓர் ஆசிரியரிடம் கொஞ்ச காலம் போ. நிற்பதில் இருக்கும் கோணலை நமக்கு நாமே கண்டுபிடிக்க முடியாது.

வலது கை அவ்வளவு சிரமம் தராது. விரல் நுனியால் கொத்தாமல், ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையைக் கம்பி நெடுகப் படியவைத்துத் தோளிலிருந்து இழு. எவ்வளவு சதை படுகிறதோ அவ்வளவு கனமான ஒலி. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பாஸில் தொடங்கி எலெக்ட்ரிக்குக்கு வந்தவர். எலெக்ட்ரிக்கிலும் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே அத்தனையும் வாசித்தார். ஒரு விரலால் அவ்வளவு முடியும்.

எனக்கு இந்த வாத்தியம் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்கு இப்போது வருகிறேன். கிட்டாரில் ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டால் அது நின்றுகொண்டே இருக்கும், எங்கே நிறுத்துவது என்பதுதான் யோசனை. டபுள் பாஸில் ஒலி எழும்பவே ஒரு கணம் எடுக்கும், எழும்பிய உடனே தேய ஆரம்பிக்கும். ஆகவே தாளத்தில் சரியாக விழ, அந்தக் கணத்தையும் கணக்கில் எடுத்துச் சற்று முன்னாலேயே இழுக்க வேண்டும். விழுந்த ஸ்வரத்தை அடுத்தது வரும்வரை இடது கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். தாளத்துக்கு ஒரு ஸ்வரமாக நடந்துபோகும் வாக்கிங் லைன் வாசிக்கும்போது ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கம்பியிலிருந்து கை ஒரு இமைப்பொழுது எழுந்தால்கூட நடை தளர்ந்துவிடும். ஜாஸ் டபுள் பாஸ் கலைஞர்களான ரே பிரவுன், பால் சேம்பர்ஸ் இருவரையும் திரும்பக் கேள், இந்தமுறை ஸ்வரங்களை விட்டுவிட்டு அவற்றின் நீளத்தை மட்டும் கேள். ஒவ்வொன்றும் அடுத்ததன் வாசல்வரை நீளும்.

கை வேகமாக ஓடாத இடத்தில், எது தேவை என்று மனம் முதலில் தீர்மானித்துவிடுகிறது. நான் எலெக்ட்ரிக்கில் நிரப்பிய இடங்களில் இன்று ஒரே ஸ்வரத்தை வைத்துவிட்டு நிற்கிறேன், டிரம்மர் அந்த இடத்தில் சிம்பலைத் திறக்கிறார், பியானோ மூச்சு விடுகிறது. வாசிப்பதற்கு முன்னால் அந்த ஸ்வரத்தை உள்ளே கேட்டாக வேண்டும், கேட்காமல் விரல் வைத்தால் இடம் தப்பும். கச்சேரி முழுக்க இப்படிக் கேட்டுக்கொண்டே வாசிப்பதில் ஒரு களைப்பு இருக்கிறது. அது எனக்கு நிறைவான களைப்பு. இதற்காகவே நீ மாற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மேடைச் சத்தம் இரண்டாவது தொல்லை. இவ்வளவு பெரிய மரக்கூடு ஸ்பீக்கரின் அதிர்வை வாங்கித் திருப்பி அனுப்பும், ஊளையிடும். பிரிட்ஜில் வைத்து அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பியசோ பிக்கப்பை நேரே ஆம்பில் சொருகினால் ஒலி மெலிந்து கீச்சென்று வரும். அதற்கென்று உள்ள, இன்புட் இம்பிடென்ஸ் அதிகமான பிரீஆம்ப் வேண்டும். அதில் ஹை-பாஸ் ஃபில்டரும் ஃபேஸ் மாற்றும் சுவிட்சும் இருக்கும்படி பார்த்து வாங்கு. அடி அதிர்வுகளை ஃபில்டரால் கொஞ்சம் வெட்டினாலும் பயப்படாதே, மேல் ஹார்மானிக்குகளை வைத்துக் காது அடி ஸ்வரத்தைத் தானே கட்டிக்கொள்ளும். ஆம்புக்கு நேர் முன்னால் நிற்காதே. ஊளை அடங்காவிட்டால் எஃப் துளைகளில் ஃபோம் வைத்து அடைக்கலாம். கச்சேரிக்காரனுக்கு ப்ளைவுட் வாத்தியமே போதும் என்பது என் கருத்து. செதுக்கிய மரத்தின் ஒலி அழகுதான். ஆனால் ப்ளைவுட் சீக்கிரம் விரிசல் விடாது, ஊளையும் குறைவு. முதலில் வாடகைக்கு எடுத்துப் பார். எதை எடுத்தாலும் நல்ல லூதியரிடம், அதாவது வாத்தியம் செய்து பழுதுபார்ப்பவரிடம், கொடுத்து சவுண்ட்போஸ்ட் (உள்ளே நிற்கும் சிறு மரத்தண்டு), பிரிட்ஜ், கம்பி உயரம் மூன்றையும் சரிபார்த்துக்கொள். பிரிட்ஜில் உயரம் மாற்றும் திருகுகள் போடச் சொல், ஈரப்பதம் மாறும்போதெல்லாம் மரம் உப்பி, சுருங்கிக் கம்பி ஏறி இறங்கும்.

தூக்கிக்கொண்டு போவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ட்பின் இடத்தில் சக்கரம் மாட்டிக்கொள், நல்ல பை வாங்கு, காரில் முன்சீட்டைச் சாய்த்துவிட்டுப் பின்னாலிருந்து கழுத்தை முன்பக்கம் நீட்டிவிடு. கச்சேரிக்குச் சற்று முன்னதாகப் போ, மரம் அந்த இடத்துக்குப் பழகினால்தான் சுருதி நிற்கும்.

எலெக்ட்ரிக்கை விற்கலாமா என்று கேட்டிருந்தாய். விற்காதே. சத்தமான கச்சேரிகளை அதிலேயே தொடர்ந்து வாசி, வருமானம் அறுபடாது. டபுள் பாஸை டிரியோவின் நிதானமான பாட்டுகளில் மட்டும் முதலில் எடு, அடங்கிய சத்தத்தில், திறந்த கம்பிகள் உதவும் கீயில். கை தேறத் தேறப் பாட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

டிரியோவின் பாட்டுப் பட்டியலை, எது எந்தக் கீ என்று குறித்து, அடுத்த கடிதத்தோடு அனுப்பு. எவற்றை முதலில் எடுக்கலாம், எவற்றில் கீயை மாற்றிக் கேட்கலாம், கை எங்கெங்கே இடம் மாற வேண்டும் என்று விரல் எண்களோடு எழுதி அனுப்புகிறேன். மகளுக்கு என் ஆசிகளைச் சொல். அந்த டி கம்பி விஷயத்தை மறக்காமல் அவளிடம் கேள்.

அன்புடன்,
உன் பழைய பாஸ்காரன்