மால்பெக் நாளை முன்னிட்டு மகளுக்கு

ஏற்காடு,
ஏப்ரல் மாதம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். இவ்வாண்டு பூ மழை காலத்தோடு பெய்ததால் காப்பிச் செடிகள் நன்றாகப் பூத்துவிட்டன. நமக்குப் பூக்கும் மாதம் அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் திராட்சை அறுவடை முடியும் மாதம் என்பதால், இந்தக் கடிதம் உனக்குச் சற்று ஓய்வான நேரத்தில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 17 அன்று உலக மால்பெக் நாளைக் கொண்டாடப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் ஒயினைச் சுவைத்தவள் அல்லள். ஆயினும் சிவப்பு ஒயினுக்கான மால்பெக் என்னும் அந்தத் திராட்சைக் கொடியின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு, அந்த நாளை நாமும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. 1853ஆம் ஆண்டு அதே நாளில்தான், ஒரு நாற்றுப் பண்ணையும் வேளாண் பள்ளியும் தொடங்குவதற்கான சட்ட முன்வரைவு மெண்டோசா மாகாணச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பின்னாளில் அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவரான சார்மியென்டோ அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். சிலியில் இத்தகைய பண்ணைப் பணியில் இருந்த பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் எமே பூஜே அதை நடத்த ஆண்டீஸ் மலையைக் கடந்து வந்தார். அவர் கொண்டுவந்த பிரெஞ்சுத் திராட்சைப் போத்துகளுள், அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டுகளுள், ஒன்றே மால்பெக். ஒரு பயிரைக் கொண்டாடுவதற்கு அதன் நாற்றங்கால் உருவான நாளைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

மால்பெக்கின் தாயகம் தென்மேற்குப் பிரான்சு. லொட் ஆற்றங்கரையில் உள்ள கஹோர் என்னும் ஊரின் ஒயினை, அதன் அடர்ந்த நிறத்தால் 'கறுப்பு ஒயின்' என்றே அழைத்தார்களாம். மரபணு ஆய்வின்படி, ப்ருனலார், மக்தலேன் நுவார் தே ஷரான்ட் என்னும் இரு கொடிகளின் கலப்பில் பிறந்தது மால்பெக். உலகமெங்கும் பயிராகும் மெர்லோ திராட்சைக்கும் இதே மக்தலேன்தான் ஒரு பெற்றோர். இத்தனை பெருமைக்குரிய தாய்க்கொடி, ஆய்வாளர்கள் கண்டெடுத்தபோது, சில வீடுகளின் முன்புறம் படர்ந்திருந்த ஒரு சில கொடிகளாகவே மிஞ்சியிருந்தது என்று படித்தபோது நெடுநேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். எவரோ வாசலில் நிழலுக்கும் பழத்துக்கும் விட்டுவைத்திராவிட்டால், இந்தக் குடும்பத்தின் வேரே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

பிறந்த மண்ணில் மால்பெக்குக்கு வாழ்வு எளிதாக அமையவில்லை. பூக்கும் பருவத்தில் குளிரும் ஈரமும் சேர்ந்துவிட்டால் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். பூ மழை பொய்த்த ஆண்டுகளை அறிந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1860களில் தொடங்கிய ஃபிலோக்சீரா என்னும் வேர்ப்பூச்சியின் தாக்குதல் பிரான்சின் தோட்டங்களைச் சூறையாடியது. தேறி நின்றவற்றை 1956 பிப்ரவரியின் கடுங்குளிர் கருக்கியது. அதன்பின் போர்தோ பகுதியினர் பலர் வேறு ரகங்களுக்கு மாறிவிட்டார்கள். கஹோர் மக்கள் மட்டும் மீண்டும் மால்பெக்கையே நட்டு, 1971இல் தங்கள் ஊர்ப் பெயருக்கு உரிய சட்டப் பாதுகாப்பையும் பெற்றார்கள்.

மெண்டோசாவில் அது செழித்ததற்கான காரணங்களை நீ என்னைவிட நன்கு அறிவாய். ஆனாலும் உயரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீ வேலை செய்யும் ஊக்கோ பள்ளத்தாக்கின் தோட்டங்களும் ஏறத்தாழ 900 மீட்டரில் தொடங்கி அந்த உயரம் வரை ஏறுகின்றன. ஆனால் சேர்வராயன் மலைக்கு மழை தாராளம். அங்கேயோ ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஆண்டீஸ் பனி உருகி வாய்க்கால்களில் வரும் நீரை அளந்து பாய்ச்சுகிறார்கள். வறண்ட காற்றில் பூ நன்கு பிடிக்கிறது. உச்சி வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறிப் பட்டுத் தோல் தடித்து நிறமும் ஏறுகிறது. வேர்ப்பூச்சியின் தொல்லை குறைவாக இருப்பதால், பூச்சியைத் தாங்கும் வேறு கொடியின் வேரில் ஒட்டுக் கட்டாமல் தன் சொந்த வேரிலேயே நிற்கும் முதிய கொடிகள் இன்றும் அங்கே ஏராளமாக உள்ளனவே, அதுவே எனக்குப் பெரும் வியப்பு.

அங்கும் ஓர் இருண்ட காலம் வந்தது. 1960களில் 50,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மால்பெக், மலிவான ஒயினுக்கான அதிக விளைச்சல் ரகங்களை நாடியும், பின்னர் விற்பனை சரிந்தும், 1990களின் தொடக்கத்தில் சுமார் 10,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அப்போது பிடுங்காமல் விட்டுவைத்தவர்களின் தோட்டங்களிலிருந்துதான் போத்து எடுத்துப் பரப்பினார்கள். இன்று மீண்டும் 40,000 ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. விழா மேடையில் ஒயின் தயாரிப்பாளர்கள் அமர்வார்கள், அது முறைதான். ஆனால் எல்லோரும் நட்டமென்று சொன்ன ஆண்டுகளில் கவாத்து செய்து, தண்ணீர் பாய்ச்சி, அந்தக் கொடிகளைக் காத்த குடியானவர்களுக்கே முதல் மரியாதை உரியது என்பது என் உறுதியான எண்ணம். குட்டை ரகம் நடச் சொல்லிப் பலர் வற்புறுத்திய போதும், மேட்டுக் காட்டில் உன் தாத்தா நட்ட எஸ்.795 என்னும் பழைய காப்பி ரகச் செடிகளை நான் பிடுங்காததற்குக் காரணமும் இதே எண்ணம்தான். இலைத்துரு நோய் வந்த ஆண்டுகளிலும் தாங்கி நின்ற செடிகளுக்கு அடையாளம் கட்டி, விதையைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். விழா முடிந்த பிறகு மெண்டோசாவின் லுஹான் தெ குயோ பக்கம் உள்ள பழைய தோட்டங்களுக்குப் போய், எந்த வரிசை யாரால், எங்கிருந்து வந்த போத்தில் நடப்பட்டது என்பதை அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள். குலையின் நெருக்கம், பழத்தின் அளவு, எந்த ஆண்டு பூ உதிர்ந்தது என்பதையும் குறித்துக்கொள். குளிர்காலக் கவாத்தின்போது உரிமையாளர் அனுமதித்தால், நல்ல கொடிகளில் போத்து எடுத்து உங்கள் ஆய்வுப் பண்ணையில் தனி வரிசையாக நட்டு வை. குறிப்பேட்டின் படியொன்றை எனக்கும் அனுப்பு.

என்றும் அன்புடன்,
அம்மா