'பனிச்சறுக்கு உட்பட' என்று அச்சடிக்கும் முன்: கோவை, திருப்பூர், ஈரோடு சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

குல்மார்க், மணாலி குடும்பப் பயணத் திட்டங்களில் 'பனிச்சறுக்கு உட்பட' என்று ஒரு வரி போடுகிறீர்கள். பிள்ளையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சறுக்க வைத்துப் படம் எடுத்துக் கொடுப்பதற்கும் அதே வரிதான். பிள்ளை தானாக நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொள்வதற்கும் அதே வரிதான். "பையனுக்கு அஞ்சு வயசுங்க, கத்துக்குவானா?" என்று கேட்கும் பெற்றோருக்கு எது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

கற்பது என்றால் தினம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது மூன்று நாள், அதுவும் ஒரே பயிற்சியாளரிடம். முதல் நாள் பூட்ஸோடு நடப்பதும், பக்கவாட்டில் விழுந்து எழுவதும்தான். அடுத்து, காலில் பூட்டிச் சறுக்கும் ஸ்கீ பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது. 'சமோசா மாதிரி வை' என்றால் பிள்ளைக்குப் புரியும். சொன்ன இடத்தில் நிற்க வராத பிள்ளையை, சரிவின் மேலே கொண்டுபோகும் லிஃப்டில் ஏற்றக் கூடாது. குல்மார்க் கொண்டோலா எனும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் போகிறது. கற்றுக்குட்டிக்கு அங்கே சறுக்க வேலையே இல்லை, ஊரை ஒட்டிய சாய்வு போதும்.

ஏழு வயதுக்குக் கீழே என்றால் ஒரு பயிற்சியாளருக்கு நான்கு பிள்ளைகள் போதும். ஐந்து வயது ஆகாதவர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள். தனியாக 45 நிமிடம் சொல்லிக்கொடுக்கலாம், அதற்கு மேல் கால் தாங்காது. கோவை 400 மீட்டர் உயரம், குல்மார்க் ஏறத்தாழ 2,650. ஆகவே போய்ச் சேர்ந்த அன்றைக்கே வகுப்பு வைக்க வேண்டாம்.

பெரும்பாலும் கோளாறு பூட்ஸில்தான் ஆரம்பிக்கிறது. 'அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும்' என்று பள்ளி ஷூ வாங்கும் பழக்கத்தில், வாடகைக்கு எடுக்கும் பூட்ஸையும் ஒரு அளவு பெரிதாகக் கேட்கிறார்கள். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் வேறு. பெரிய பூட்ஸில் குதிகால் தூக்கிக்கொள்ளும், கால் திரும்பினாலும் பலகை திரும்பாது. இரண்டு சாக்ஸ் பாதத்தை இறுக்கி ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் விரல்தான் முதலில் மரத்துப்போகும். முழங்கால் வரை வரும் ஒரே ஒரு சாக்ஸ் போதும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். பதிவின்போதே பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் வாங்கி வையுங்கள்.

ஸ்கீ பலகையை நிறுத்திப் பார்த்தால் பிள்ளையின் நெஞ்சுக்கும் தாடைக்கும் இடையில் இருக்க வேண்டும். பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடிப்பானை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம் பார்த்துத்தான் முடுக்குவார்கள். அதிகம் முடுக்கினால் விழும்போது கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். எடையைக் கேட்காமலேயே பூட்டித் தரும் கடையில் எடுக்காதீர்கள். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டாமல் ஏறினால் பிடிப்பான் சரியாகப் பூட்டாது. ஹெல்மெட்டும் பனிக்கான காகிள்ஸ் கண்ணாடியும் கட்டாயம். கைக்கோல் முதல் நாட்களில் வேண்டாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர் பருத்தி பனியன் அங்கே உள்ளே போட ஆகாது. வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். சீக்கிரம் உலர்ந்துவிடும் பாலியெஸ்டர் உள்ளாடை நம்மூரிலேயே தைக்கிறார்கள், அதை வாங்கச் சொல்லுங்கள். ஜீன்ஸும் கூடாது.

பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இந்தியில்தான் பேசுவார்கள். ருக்கோ என்றால் நில், தீரே என்றால் மெதுவாக, உட்டோ என்றால் எழு, குட்னே மோடோ என்றால் முழங்காலை மடக்கு. இந்த நான்கையும் ரயிலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 'ருக்கோ' புரியாத பிள்ளை சரிவில் நிற்காது.

தேதி விஷயத்தில் பொங்கலை ஒட்டிய பயணமே நல்லது. அரையாண்டு விடுமுறையில் பனி போதுமான அளவு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஜனவரி, பிப்ரவரிதான் நம்பகமான காலம். பனி இல்லாமலோ, காற்று அடித்து லிஃப்ட் நின்றோ வகுப்பு நடக்காவிட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும் என்பதையும், இரண்டாம் நாள் பிள்ளை அழுது மறுத்தால் மிச்ச வகுப்புக்கு என்ன கணக்கு என்பதையும் ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.