எங்கள் கணக்கு நோட்டை யாரும் கேட்கவில்லை

மாணவர் தொழில்முனைவுத் திட்டங்களை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். படிக்கும் காலத்தில் இப்படி ஒரு திட்டத்தில் நானும் சேர்ந்தேன். நாங்கள் ஐந்து பேர். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி மொபைல் ஸ்டாண்ட் செய்து விற்றோம். இறுதி நாளில் ஐந்து நிமிடப் பேச்சு, பன்னிரண்டு ஸ்லைடு, நல்ல கைதட்டல், இரண்டாம் பரிசு. அத்தனை மாதமாக நாங்கள் எழுதி வந்த கணக்கு நோட்டை மட்டும் கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்த நோட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திட்டத்தில் சேர்ந்ததற்கு எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் அங்கே நான் கற்றதில் முக்கால்வாசி, உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத இடங்களில் கிடைத்தது.

முதல் வாரமே கருத்துக் கணிப்பு எடுக்கச் சொன்னீர்கள். 50 பேரிடம் "இப்படி ஒரு ஸ்டாண்ட் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டோம். 43 பேர் ஆமாம் என்றார்கள். அதை ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டோம். பொருள் தயாரானதும் அந்த 43 பேரிடமே போய் நின்றோம். காசு கொடுத்து வாங்கியவர்கள் 6 பேர். மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே கேட்டால் யார்தான் வாங்க மாட்டேன் என்பார்கள்? "இப்போது போனை எதில் சாய்த்து வைக்கிறீர்கள், அதற்காக இதுவரை ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். நாளைக்குச் செய்யப்போவதைக் கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். நேற்றுச் செய்ததைக் கேட்டால்தான் உண்மை வரும். இதை எங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஓர் அலுவலகத்தில் இருந்து 40 ஸ்டாண்டுக்கு ஆர்டர் வந்தது. துள்ளிக் குதித்தோம். ஒரு ஸ்டாண்டை வெட்டி, மடித்து, ஒட்டிக் காயவைக்க ஒருவருக்கு 35 நிமிடம் ஆகும். 40 ஸ்டாண்டுக்கு 23 மணி நேரத்துக்கும் மேல். இந்த உழைப்பை நாங்கள் விலையில் சேர்க்கவே இல்லை. அட்டையும் பசையும் மட்டும்தான் செலவு என்று நினைத்தோம். சரக்கை ஒப்படைத்த பிறகு பணம் வர 45 நாள் ஆனது. நோட்டில் லாபம் இருந்தது, பசை வாங்கக் கையில் காசு இல்லை. அந்த 45 நாளும் புதிதாக ஒன்றும் செய்ய முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம். லாபம் வேறு, கைக்காசு வேறு என்பதை எந்த ஸ்லைடும் எங்களுக்கு இப்படிப் புரியவைத்திருக்காது. ஆனால் இறுதிப் பேச்சில் நாங்கள் சொன்னது என்ன தெரியுமா? "ஒரே ஆர்டரில் 40 விற்றோம்." நடுவர்கள் தலையாட்டினார்கள். பணம் எப்போது வந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

தள்ளுபடியிலும் இதே கதைதான். ஒரு பொருளின் விலை 100, அடக்கம் 60 என்றால் கையில் நிற்பது 40. விலையில் 20 சதவீதம் குறைத்தால் கையில் நிற்பது 20. பழைய லாபத்தையே எடுக்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். கண்காட்சியில் மூன்று மணி நேரம் கூட்டம் வராததால் யோசிக்காமல் விலையைக் குறைத்தோம். மாலையில் 37 விற்றிருந்தது, சந்தோஷமாக எண்ணினோம். நோட்டில் எழுதும்போதுதான் முகம் மாறியது.

யாருக்கு விற்கிறோம், என்ன செலவு, எப்படி வருமானம் என்று ஒரு தொழிலை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க, தொழில்துறை எழுத்தாளர் அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் பிரபலப்படுத்திய ஒன்பது கட்டத் தாள் (பிசினஸ் மாடல் கேன்வாஸ்) இல்லாத திட்டமே இன்று இல்லை. நல்ல கருவிதான். அதை நாங்கள் முதல் நாளில் நிரப்பிச் சுவரில் ஒட்டினோம், கடைசி நாள்வரை ஓர் எழுத்து மாறவில்லை. "சந்தையில் ஒரு சதவீதம் கிடைத்தால் போதும்" என்ற வரியும் அதில் இருந்தது. எல்லாக் குழுவின் தாளிலும் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

பங்கு பிரித்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே ஐந்து பேருக்கும் சமமாக எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மூன்றாம் வாரத்தில் இருந்து ஒருவர் வரவில்லை, பங்கு மட்டும் அப்படியே இருந்தது. வெளியே புது நிறுவனம் தொடங்குகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் ஆண்டு முடியும் முன்பே விலகினால் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு நான்கு ஆண்டுக் கணக்கு வேண்டாம், நான்கு மாதக் கணக்கு போதும். அப்படி ஓர் ஒப்பந்தத்தை எழுதவைத்திருந்தால் ஒரு நட்பு மிஞ்சியிருக்கும்.

1919-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மெண்ட் அமைப்பின் பழைய முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மாணவர்கள் சிறு நிறுவனம் தொடங்கி, பங்கு விற்று முதல் திரட்டி, பொருள் செய்து விற்பார்கள். ஆண்டு முடிவில் கணக்கை முடித்து, மிஞ்சியதைப் பங்கு வாங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து நிறுவனத்தை மூடுவார்கள். மூடுவதும் அங்கே பாடம். எங்கள் திட்டம் பரிசளிப்பு விழாவோடு முடிந்தது. யாருக்கு என்ன பாக்கி, மீதிச் சரக்கு எங்கே, எதற்கும் பதில் இல்லை.

ஆகவே கேட்பது இதுதான். மொத்த மதிப்பெண்ணில் பாதியை நோட்டுக்குக் கொடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு கணக்காளரை உட்காரவைத்து ஒவ்வொரு குழுவின் நோட்டையும் புரட்டச் சொல்லுங்கள். நஷ்டப்பட்ட குழு அதற்கான காரணத்தை ஒழுங்காக எழுதியிருந்தால் அதற்கும் பரிசு கொடுங்கள். இறுதிப் பேச்சு இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கை முடித்துக் காட்டாத குழு மேடை ஏற வேண்டாம், அவ்வளவுதான்.

எங்கள் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் 100 செய்தோம், விற்றது 83, அலமாரியில் இருந்தது 9. மீதி 8 எங்கே போனது என்று இதுவரை தெரியவில்லை. அடுத்து வரும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள், எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் பரிசு வாங்கிய குழுவில் கணக்கு எழுதியவர்