கந்தப்பளையில் புகைக்குழாயைச் சரிசெய்து தந்த அண்ணனுக்கு நன்றி

விறகு லொறியிலிருந்து இறங்கி வந்து எங்கள் வீட்டு இரும்பு அடுப்பைப் பார்த்துத் தந்த அண்ணே, பெயர் கேட்கக்கூட விடாமல் கிளம்பிவிட்டீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வீசும்போதெல்லாம் புகை குழாய் வழியே திரும்பி வீட்டுக்குள் இறங்கும். அப்பாயிக்கு ஏற்கெனவே இழுப்பு. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் இருமல். நீங்கள் தூறலில் தகரத்தில் ஏறி, குழாயைக் கழற்றித் தட்டினீர்கள். தார் மாதிரி மினுங்கிய கரி கட்டி கட்டியாக விழுந்தது. ஈர விறகு புகைந்து புகைந்து படிந்தது, இது தீப்பிடித்தால் கூரையே போய்விடும் என்றீர்கள். பிறகு குழாயைக் கூரை முகட்டுக்கு மேலே 2 அடி நிற்கும்படி உயர்த்தி, மூடியும் போட்டுக் கட்டினீர்கள். முகட்டுக்குக் கீழே நின்றால் காற்றுச் சுழி புகையை அமுக்கிவிடும் என்பது அன்றுதான் விளங்கியது.

சில்லிட்ட குழாயில் புகை ஏறாது, முதலில் பேப்பரைக் கொளுத்திச் சூடாக்குங்கள் என்றீர்கள். அம்மா அப்படியே செய்கிறார். டப்பன்டைன் மரத்து விறகையும் பிளந்து, அடுத்த வருடத்துக்கென்று இப்போதே அடுக்கிவிட்டோம். கங்கு இருக்கும்போது காற்றுவழியை முழுதாக அடைக்காதே, காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வாசமே இல்லாமல் ஆளைக் கொல்லும் என்று தம்பிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னீர்களே, அந்த அக்கறைக்குத்தான் பெரிய நன்றி.

காசும் வாங்கவில்லை. லொறி இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாங்க அண்ணே. அம்மா ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து தருவதாகச் சொல்கிறார்.